பொறிக்குக் கற்பித்த பெயர்கள்

இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் வானியலைப்பற்றி எழுதப் புகுவது பொருந்துமா என்று வாசகர் சிலர் ஐயுறலாம். நான் எடுத்துக்கொண்ட விடயம் வகைபிரித்தல். பொருள்களைக் கண்டு, ஒத்தவற்றை ஒருங்கு சேர்த்து, வேறுபட்டவற்றை விலக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் பெயரிடுவது இலக்கணக்காரனுக்கும் வானியலாருக்கும் பொதுவான தொழிலாகும். அத்தொழிலை இன்று வானியலார் கணினியிடம் ஒப்படைத்து வருகின்றனர். சில நூறு படங்களைக் காட்டி, 'இது முதலாம் வகை, இது இரண்டாம் வகை' என்று அதனைப் பழக்கிவிட்டால், பின்னர் வரும் இலட்சக்கணக்கான படங்களை அது தானே பிரித்துத் தருகின்றது. இம்முறைக்கு ஆழ் கற்றல் என்று பெயர். சென்ற சில மாதங்களாக இதுபற்றிய ஆய்வுக் கட்டுரைகளை, எனக்கு விளங்கிய அளவில், தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, பொறியைக் காட்டிலும் அதற்குக் கற்பிக்கப்படும் பெயர்களே என் சிந்தையைக் கூடுதலாக ஈர்த்தன.

அப்படங்கள் எத்தகையன என்பதை முதலிற் சொல்லவேண்டும். 1930ஆம் ஆண்டை அடுத்து, அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியியலாளர், கடல்கடந்த ரேடியோத் தொலைபேசியிற் குறுக்கிடும் இரைச்சலுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். இடி மின்னலால் எழும் இரைச்சலை ஒதுக்கிய பின்னும் மெல்லிய சீறலொன்று எஞ்சிற்று. அதன் உச்சம் நாள்தோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி வந்தது. சூரியனைச் சார்ந்த எதுவும் அவ்வாறு முந்துவதில்லை. நட்சத்திரங்களே அவ்வாறு முந்தி உதிப்பன. பால்வீதியின் மையத் திசையிலிருந்து அவ்வலைகள் வருகின்றன என்று அவர் 1933இல் அறிவித்தார். 1937இல் குரோட் ரீபர் என்பவர் தம் சொந்தச் செலவில், வீட்டுக் காணியில், 31 அடி விட்டமுள்ள உலோகக் கிண்ணமொன்றை நிறுவி வானத்தின் ரேடியோ அலைகளை அளக்கத் தொடங்கினார். ஒளியை விட்டு ரேடியோ அலைகளால் வானை ஆராயும் இயல் இவ்விருவராலும் பிறந்தது.

போர் முடிந்தபின், ராடார்க் கருவிகளிற் கைபழகிய பலர் இத்துறைக்கு வந்து சேர்ந்தனர். 1949இல் அவுஸ்திரேலியாவில் போல்டன், ஸ்ரான்லி, ஸ்லீ என்னும் மூவர், ரேடியோ அலைகளை வீசும் சில இடங்கள் ஒளிப்படங்களில் ஏற்கெனவே அறிந்த பொருள்களோடு பொருந்துவதைக் கண்டனர். அவற்றுள் இரண்டு, நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் என்பதை இன்று அறிவோம். 1953இல் இங்கிலாந்தின் ஜொட்றெல் பாங்கில், ஜெனிசனும் வங்காளத்தவரான மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் சிக்னஸ் ஏ என்னும் ரேடியோ மூலத்தை நுணுகி அளந்தபோது, அது ஒன்றன்று, ஒன்றையொன்று விலகி நிற்கும் இரு திட்டுகள் என்பது புலனாயிற்று. ஒளியிற் காணும் மண்டலமோ அவ்விரு திட்டுகளுக்கும் இடையே நின்றது.

இதற்குரிய காரணம் பின்னரே தெளிவாயிற்று. மண்டலத்தின் நடுவே, சூரியனைப்போற் பல கோடி மடங்கு பொருளைத் தன்னுள் அடக்கிய கருந்துளை இருக்கின்றது. அதனை நோக்கி விழும் பொருளின் சக்தியில் ஒரு பகுதி, எதிரெதிரான இரு திசைகளில் தாரைகளாகப் பாய்கின்றது. தாரைகள் மண்டலத்தைத் துளைத்து வெளியேறி, இலட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம் சென்று, முகில்களாய் விரிகின்றன. தென்வானில் சென்டாரஸ் உடுக்கூட்டத்துக்குள் தோன்றும் ஒரு மண்டலத்தின் ரேடியோ முகில்கள் நம் கண்ணுக்குத் தெரியுமாயின், பதினாறு முழுமதிகளை வரிசையாக அடுக்கிய நீளத்துக்கு அவை வானில் நின்றிருக்கும்! இவ்வாறு ரேடியோ அலைகளை மிகுதியாக வீசும் மண்டலங்களையே ரேடியோ மண்டலங்கள் என்பர்.

இவற்றை வகைபிரித்தவர்களுள் முதன்மையானவர்கள் இருவர். 1974இல், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்னார்ட் பனறொவ், ஜூலியா றைலி ஆகிய இருவரும் 57 ரேடியோ மூலங்களின் படங்களை எடுத்து ஆராய்ந்தனர். மையத்தின் இருபுறமும் மிகப் பிரகாசமான இடங்கள் எவை என்று பார்த்து, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தை முழு உருவத்தின் நீளத்தால் வகுத்தனர். விடை பாதிக்குக் குறைவாயின் முதலாம் வகை. பாதிக்கு மேலாயின் இரண்டாம் வகை. முதலாம் வகை நடுவிற் பிரகாசித்து வெளிப்புறம் செல்லச் செல்ல மங்கும். இரண்டாம் வகை தன் இரு நுனிகளிலும் சுடர்விடும். அடிமட்டம் ஒன்று கையிலிருந்தால் பாடசாலை மாணவனும் செய்துவிடக்கூடிய கணக்குத்தான். ஆயினும் அதிலிருந்து அரியதோர் உண்மை வெளிப்பட்டது. வலிமை குன்றிய மூலங்கள் பெரும்பாலும் முதலாம் வகையாகவும், வலிமை மிக்கவை பெரும்பாலும் இரண்டாம் வகையாகவும் அமைந்தன. புறத்தோற்றத்துக்கும் உள்ளாற்றலுக்கும் உறவு இருந்தது. தாரை வழியிலுள்ள வாயுவைத் தன்னோடு அள்ளிக்கொண்டு வேகமிழந்தால் முதலாம் வகைத் தோற்றமும், வேகம் குன்றாது எல்லைவரை சென்று மோதினால் இரண்டாம் வகைத் தோற்றமும் உண்டாகும் என்பது இன்றைய விளக்கம்.

ஒரு சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. அதை எழுதிய பனறொவின் வாழ்க்கையோ வேறு திசையிற் சென்றது. தென்னாபிரிக்கரான அவர் தாய்நாட்டுக்குத் திரும்பி, நிறவெறி ஆட்சிக் காலத்தில் உலோகத் தொழிலாளரின் தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்பப் பாடுபட்டார். விடுதலையின் பின் அதிபர் மண்டேலாவின் அலுவலகத்திற் பணியாற்றினார். அதன் பின்னரே, மாபெரும் ரேடியோத் தொலைகாட்டியொன்றைத் தம் நாட்டுக்குக் கொணரும் திட்டத்தின் தலைவராக வானியலுக்கு மீண்டார். ஐம்பத்தேழு மூலங்களுக்கு அவர் இட்ட பெயர்களைக் கற்ற பொறிகள், அவர் முயன்று நிறுவிய தொலைகாட்டிகளின் படங்களைப் பின்னர் வகைபிரிக்கலாயின. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் இது நிகழ்ந்திருக்கின்றது.

ஐம்பத்தேழு படங்களைக் கண்ணாற் பார்க்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்திலுள்ள தொலைகாட்டியைக் கொண்டு 1993இல் தொடங்கிய அளவையொன்று, 9 இலட்சத்து 46 ஆயிரம் மூலங்களைப் பட்டியலிட்டது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோபார் தொலைகாட்டியின் அளவை, 2022இல் வட வானின் 27 சதவீதத்தில் மட்டும் 43 இலட்சத்து 96 ஆயிரம் மூலங்களை வெளியிட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 36 கிண்ணங்களோடு இயங்கும் அஸ்காப் தொலைகாட்டியின் 'ஈமு' என்னும் அளவை திட்டமிடப்பட்டபோது, அதில் ஏழு கோடி மண்டலங்கள் வரை அகப்படலாம் என்று எதிர்பார்த்தனர். நிமிடத்துக்கு ஒரு படமாக, நாளுக்கு எட்டு மணி நேரம், ஓய்வு நாளின்றி ஒருவர் பார்த்தாலும் ஏழு கோடிக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் செல்லும்! 2013ஆம் ஆண்டின் இறுதியிற் பொதுமக்களிடமே படங்களைக் கொடுத்து உதவி வேண்டினர். ஆயிரக்கணக்கானோர் உலகெங்குமிருந்து தம் ஓய்வு வேளையிற் பார்த்து உதவினர். உருசியத் தொண்டர் இருவர் அடையாளங் கண்ட வளைந்த மூலமொன்று, அதுவரை அறியப்படாத மண்டலக் கொத்தொன்றைக் காட்டிக்கொடுத்தது. அக்கொத்து அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது. எனினும் பொதுமக்களின் கண்களும் கோடிகளுக்குப் போதா. ஆகவேதான் பொறி வந்தது.

பொறி எவ்வாறு கற்கின்றது? கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணையே. ஒவ்வொரு கட்டத்திலும் அவ்விடத்துப் பிரகாசத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். மூன்றுக்கு மூன்று என்ற அளவிலான சிறு பலகணியொன்றைப் படத்தின்மீது இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக நகர்த்திச் செல்வதாக எண்ணிக்கொள்க. பலகணியிலும் எண்கள் உள. அவற்றைப் படத்தின் எண்களோடு பெருக்கிக் கூட்டினால், விளிம்பு இருக்குமிடத்தில் ஒரு பலகணி பெரிய விடையைத் தரும். புள்ளி இருக்குமிடத்தில் வேறொன்று தரும். இவ்விடைகளே இன்னொரு படமாகி அடுத்த அடுக்குக்குச் செல்லும். அங்கே விளிம்புகள் சேர்ந்து வளைவாகும். அதற்கடுத்த அடுக்கில் வளைவுகள் சேர்ந்து வாலாகும். அடுக்குகள் பல உள்ளமையாலேயே 'ஆழ்' என்னும் அடை வந்தது. பலகணிகளில் எந்த எண்கள் இருக்கவேண்டும் என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் மனம்போனபடி எண்கள் இடப்படும்; பொறி தவறான விடை சொல்லும்; சரியான பெயரோடு ஒப்பிட்டு, தவறு குறையும் திசையில் ஒவ்வோர் எண்ணும் சிறிது திருத்தப்படும். பல்லாயிரந் தடவை இவ்வாறு திருத்தியபின் தவறு அருகிவிடும். 2012இல் கனடாவின் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தார் அமைத்துப் புகழ்பெற்ற வலையில் இத்தகைய எண்கள் ஏறக்குறைய ஆறு கோடி இருந்தன. நாய், பூனை, ஓடம், பூ என்பவற்றைப் பிரித்தறிந்த அவ்வலையின் வழியையே வானியலாரும் பின்பற்றினர்.

2017இல் தென்னாபிரிக்காவிற் பணியாற்றிய அருண் அனியன், க்ஷிதிஜ் தோரட் என்னும் இருவர் ரேடியோ மண்டலங்களுக்கு இம்முறையைக் கையாண்டு கட்டுரை வெளியிட்டனர். பனறொவ்–றைலி வகைகள் இரண்டோடு, வால் வளைந்த மண்டலங்களை மூன்றாம் வகையாகக் கொண்டனர். வகைக்கு ஏறக்குறைய 200 மூலங்களே கையிலிருந்தன. வானத்தில் மேல் கீழ் என்பது இல்லையாதலால், ஒவ்வொரு படத்தையும் பல கோணங்களில் திருப்பித் திருப்பிக் காட்டிப் பயிற்சியைப் பெருக்கினர். பொறி 'வளைந்தது' என்று சொன்னவற்றுள் நூற்றுக்கு 95 உண்மையில் வளைந்தவை; முதலாம் வகை என்றவற்றுள் 91 சரி; இரண்டாம் வகை என்றவற்றுள் 75 மட்டுமே சரி. மறுபுறம், உண்மையாக வளைந்தவை நூற்றுள் 79ஐத்தான் அது கண்டுபிடித்தது. சொன்னது சரியா என்பதும், சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். பரீட்சைத் தாள் திருத்துவோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. ஒரு வருடத்தின் பின், மேற்கு அவுஸ்திரேலியாவில் சென் வூவும் குழுவினரும் அமைத்த 'கிளாரன்' என்னும் பொறி, பெரும் படத்துள் மூலம் எங்கே இருக்கின்றது என்பதையும் தானே தேடி எடுத்தது. 2021இல் மன்செஸ்ரரைச் சேர்ந்த அன்னா ஸ்கைப், பியோனா போட்டர் ஆகியோர், படம் எத்திசையிற் கிடந்தாலும் ஒன்றே என்னும் அறிவை வலையின் அமைப்புக்குள்ளேயே புகுத்தினர். முன்னேற்றம் விரைவானதுதான்.

இவற்றை வாசித்தபோது, பெயர் எதனையும் முன்கூட்டிச் சொல்லாமல் அப்படங்களை மாணவரிடம் கொடுத்தால் என்ன செய்வர் என்று அறிய ஆவல் கொண்டேன். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர், யாரும் பார்க்கக்கூடியதாக வெளியிடப்பட்டுள்ள படங்களுட் சிலவற்றை அச்சிட்டுத் தந்தார். உயர்தர வகுப்பாரிடம் அவற்றைப் பரப்பி வைத்து, 'ஒத்தவற்றை ஒன்றாய் வையுங்கள். வேண்டுமாயின் பெயரிடுங்கள்' என்று மட்டும் கூறினேன். நுனி இரண்டும் சுடர்வதைக் 'காவடி' என்றனர். நடுவிற் பிரகாசித்து மங்குவது 'சாம்பிராணிப் புகை' ஆயிற்று. வளைந்தவற்றைக் 'கவட்டை' என்றும் 'கடாக்கொம்பு' என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டனர். கவட்டை ஒடுங்கியது, கொம்பு அகன்றது. வானியலாரும் ஒடுங்கிய வால், அகன்ற வால் என இரண்டாகவே பிரிப்பர் என்று நண்பர் சொன்னபோது பிள்ளைகளுக்கு உண்டான பெருமை கொஞ்சமன்று. எல்லாம் முடிந்தபின், மேசையின் ஓரத்தில் பெயரில்லாத குவியலொன்று கிடந்தது. இது என்ன என்று கேட்டேன். 'இவை தெரியாதவை, சேர்' என்றாள் ஒரு மாணவி.

பிள்ளைகள் செய்ததை ஒத்த ஆய்வொன்றை மைக்கா பவுல்ஸ் என்பவரும் குழுவினரும் 2023இல் வெளியிட்டிருக்கின்றனர். ரேடியோ மண்டலங்களின் தோற்றத்தைத் துறைச்சொல் கலவாத எளிய ஆங்கிலத்தில் விவரிக்கச் செய்து, 8,486 விவரிப்புகளைத் திரட்டி, அவற்றிலிருந்து புதிய பெயர்த் தொகுதியொன்றை வடித்தெடுத்தனர். பழைய வகைகளுக்குள் அடங்காத அரிய தோற்றங்களை அப்பெயர்களாற் குறிப்பிட முடிகின்றது என்பது அவர்கள் முடிபு. மொழி கற்பிப்போர் மகிழவேண்டிய செய்தி இது. முதலாம் வகை, இரண்டாம் வகை என்னும் எண்ணுப் பெயர்கள் பொருளைக் காட்டுவதில்லை, காவடி காட்டுகின்றது.

அந்த மாணவியின் குவியலுக்கு வருகின்றேன். சாதாரண நரம்புவலையிடம் அத்தகைய குவியல் இல்லை. மூன்று பெயர்களைக் கற்ற பொறி, ஒன்று என்னும் முழு நம்பிக்கையை அம்மூன்றுக்குமே பங்கிட்டுக் கொடுத்தாகவேண்டும். பூனையின் படத்தைக் காட்டினாலும், 'இரண்டாம் வகை, நூற்றுக்கு எண்பது' என்பதுபோல் ஏதோவொரு விடை வரும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஐயத்துக்கென்றே விதி வகுத்திருப்பதை வாசகர் அறிவர். தூரத்தே தோன்றும் உருவம் மனிதனா, வெட்டிய மரத்தின் குற்றியா என்று துணிய முடியாதபோது எவ்வாறு பேசவேண்டும் என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டி விளக்குவர். துணியாமையைச் சொல்வதற்கும் மொழியில் ஒழுங்கான வடிவம் இருந்தது. பொறிக்கு அவ்வடிவத்தை அமைத்துக் கொடுக்க இப்பொழுது முயல்கின்றனர். போட்டரும் ஸ்கைபும் 2023இல் வெளியிட்ட பயிற்சித் தொகுதியில் 1,256 மூலங்கள் உள; ஒவ்வொன்றிலும் வகையோடு, அதனைத் துணிந்து சொன்னார்களா ஐயத்தோடு சொன்னார்களா என்பதும் குறிக்கப்பட்டிருக்கின்றது. அனியன், தோரட் ஆகியோரும் இதனை மறந்தவர்களல்லர். மூன்று சிறு பொறிகளின் விடைகளை ஒருங்கிணைத்து, எதிலும் பொருந்தாதவற்றை விலக்கி எடுக்க வழி வைத்திருந்தனர். இவ்விரு முயற்சிகளையுமே இத்துறையின் ஏனைய சாதனைகளைவிட நான் உயர்வாக மதிக்கின்றேன்.

ஐயம் படத்தில் மட்டுமா? பெயரிலும் உண்டு. 2019இல் பியற்றிஸ் மிங்கோவும் குழுவினரும் லோபார் படங்களிலிருந்து 5,805 மூலங்களை ஆராய்ந்தனர். வலிமை குன்றியவை முதலாம் வகை, மிக்கவை இரண்டாம் வகை என்ற பழைய எல்லை தளர்ந்தது. எல்லைக்கு ஆயிரம் மடங்கு வரை கீழே வலிமை குன்றிய மூலங்களும் இரண்டாம் வகைத் தோற்றத்தோடு காணப்பட்டன. 1974இன் கருவிகளுக்குப் பிரகாசமானவை மட்டுமே தெரிந்தன. மங்கியவை தெரியவந்தபோது உறவு சிக்கலாயிற்று. பனறொவும் றைலியும் பிழைத்துவிட்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர்கள் கண்டதை அவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அவர்கள் காணாதவற்றுக்கும் அதே பெயர்களைப் பொறி சலிப்பின்றி ஒட்டிக்கொண்டே போகும்.

இனி ஒரு நிகழ்ச்சி. ஈமு அளவையின் முன்னோட்டப் படங்கள் 2019இல் வந்தபோது, அன்னா கபின்ஸ்கா என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு சென்றார். ஓரிடத்தில் மங்கலான வளையம் ஒன்று தென்பட்டது. அது எந்த வகையிலும் அடங்கவில்லை. ஒளித் தொலைகாட்டிகளின் படங்களில் அவ்விடத்தில் வளையம் எதுவும் இல்லை. சிறிது காலத்துள் எமில் லென்ச் என்பவர் இன்னொன்றைக் கண்டார். கருவிக் கோளாறோ என்று முதலில் ஐயுற்றனர். வேறு தொலைகாட்டிகளும் அதனைக் காட்டியபோது ஐயம் நீங்கிற்று. இந்தியாவின் பூனாவுக்கு அருகிலுள்ள மாபெரும் ரேடியோத் தொலைகாட்டியின் பழைய பதிவுகளிலும் அத்தகைய வளையமொன்று யார் கண்ணிலும் படாமற் கிடந்தது. ஈமுவின் தலைவராயிருந்த ரே நொறிஸ், எதிர்பாராததைத் தேட முன்னேற்பாடு செய்யாவிடின் பெருந்தரவுக்குள் அது அகப்படாமலே போகும் என்று 2017இலேயே எழுதியவர். 2021இல் அவரும் குழுவினரும் இவற்றை 'விசித்திர ரேடியோ வளையங்கள்' என்ற பெயரோடு வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, தென்னாபிரிக்காவின் மீர்காட் தொலைகாட்டி முதல் வளையத்தைத் தெளிவாகப் படம்பிடித்தது. நடுவே ஒரு மண்டலம். சுற்றிலும் பத்து இலட்சம் ஒளியாண்டுக்கு மேற்பட்ட அகலமுள்ள வளையம்.

மூன்று பெயர்களை மட்டும் கற்ற பொறியிடம் அம்முன்னோட்டப் படங்களைக் கொடுத்துவிட்டு நாம் உறங்கியிருந்தால், அவ்வளையத்துக்கும் ஏதோவொரு பழைய பெயர் ஒட்டப்பட்டு, கோடிகளுக்குள் அது மறைந்திருக்கும். பொறியிடம் வேறு கேள்வி கேட்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். தென்னாபிரிக்காவில் மிச்செல் லொக்னர் அமைத்த 'அஸ்ட்ரோனமலி' என்னும் பொறிக்கு வகைப்பெயர்கள் கற்பிக்கப்படவில்லை; ஏனையவற்றோடு எது ஒவ்வாது நிற்கின்றதோ அதனை முன்னே கொணர்ந்து மனிதருக்குக் காட்டுவதே அதன் வேலை. மனிதர் பார்த்து, இது சுவையானது, இது கோளாறு என்று சொல்லச் சொல்ல அது தன் தெரிவைத் திருத்திக்கொள்ளும். மீர்காட் எடுத்த மண்டலக் கொத்துகளின் படங்களை அதனிடம் கொடுத்தபோது, அவற்றுள் நாற்கோணச் சாயலுள்ள வளையமொன்றை அது முன்னே நிறுத்தியது. அது எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு 2023இல் வெளிவந்த கட்டுரை பல விளக்கங்களை ஆராய்கின்றது. ஒன்றையும் முடிபாகத் துணியவில்லை. அதன் தோற்றத்தை விவரிக்கும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்களைக் கோத்து, சௌரோன் என்ற பெயரை ஆய்வாளர்களே அதற்கு இட்டனர்.